நைட் கார்டு பல் கடிப்பதை நிறுத்திவிடுமா?

ஆறு மாதம் நைட் கார்டு (தூங்கும்போது பல்லில் மாட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் உறை) போட்டால் தூக்கத்தில் பல் கடிக்கும் பழக்கமே போய்விடும் என்று இங்கே ஒருவர் எழுதியதைப் பலரும் பகிர்கிறீர்கள். மன்னிக்கவும், அது அப்படி இல்லை. கார்டு என்பது மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே ஒரு தடுப்பு, அவ்வளவுதான். சிலருக்கு ஆரம்பத்தில் கடிப்பது கொஞ்சம் குறையலாம், ஆனால் தாடைத் தசை பெரும்பாலும் பழையபடி இறுக்கத்தான் செய்யும், எனாமலுக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் தேயும் (அதுவே பெரிய லாபம்தான்).

நீங்களே பார்க்கலாம். ஆறு மாதம் போட்ட கார்டைக் கழுவி, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து ஒரு போட்டோ, இரண்டு மாதம் கழித்து இன்னொன்று. தேய்ந்த திட்டுகளும் பள்ளங்களும் கூடியிருந்தால் கடிப்பது நிற்கவில்லை. அப்புறம், பல் மருத்துவரிடம் போகும்போது கார்டையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.