சிக்கரி கலந்த தூளை காபி மெஷினில் போடாதீர்கள்
திருப்பூரில் வீடு கட்டும் தம்பி, சமையலறை அலமாரிக்குள் பதிக்கும் காபி மெஷின் வாங்கலாமா என்று கேட்டிருந்தார். "நாம் வாங்கும் சிக்கரி கலந்த காபித் தூளையே போடலாம், எந்தத் தண்ணீரும் ஊற்றலாம்" என்று மேலே ஒருவர் பதில் சொல்லியிருக்கிறார். இரண்டுமே தவறுங்க.

இந்த மெஷின்களில் பெரும்பாலானவை வறுத்த கொட்டையை உள்ளேயே அரைத்து, சுமார் 9 பார் அழுத்தத்தில் அரை நிமிடத்துக்குள் காபி இறக்குபவை. கொட்டைத் தொட்டியில் தூளைப் போட்டால் அரவைப் பகுதி அடைத்துக்கொள்ளும். தூளுக்குத் தனி வாய் உள்ள மாடலிலும் சிக்கரி ஊறிப் பிசுபிசுத்து சல்லடையை அடைக்கும். நம் டிகாக்ஷன் ருசி வேண்டுமென்றால் ஃபில்டர்தான். பாலும் நுரைத்துத்தான் வரும், அடுப்பில் பொங்கிய பாலின் சூடு இருக்காது.

தண்ணீர்தான் நம் பக்கம் பெரிய விஷயம். கோவைக்கு வரும் சிறுவாணி ஆற்றுத் தண்ணீர் மென்மையானது, கவலை குறைவு. போர்வெல்லின் உப்புத் தண்ணீரை ஊற்றினால் சூடேறும் பகுதியில் சுண்ணாம்பு படிந்து, மெஷின் சீக்கிரம் படுத்துவிடும். எந்தத் தண்ணீராக இருந்தாலும், மெஷின் கேட்கும்போது சுண்ணாம்பு நீக்கும் மருந்தை ஓட்டியே ஆக வேண்டும்.

அப்புறம் தம்பி, பழுதானால் மொத்தத்தையும் அலமாரியிலிருந்து வெளியே இழுக்க வேண்டும். உங்கள் ஊருக்கே வந்து பார்க்கும் சர்வீஸ் ஆள் உண்டா என்று முதலில் விசாரியுங்கள். மாடல் முடிவாகும் முன் ஆசாரிக்கு அலமாரி அளவைச் சொல்லிவிடாதீர்கள்.