கதவுக்கு ஒரு கொளுக்கி

2018 டிசெம்பரில் இரணைமடுக் குளத்தின் வான் கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வெள்ளம் ஊர்களுக்குள் புகுந்த நாட்களில், நானும் அம்மாவும் ஒரு பாடசாலையில் மூன்று இரவுகள் தங்கினோம். சமைத்த உணவு நேரத்துக்கு வந்தது. பாயும் போர்வையும் கொடுத்தார்கள். கிராம சேவையாளர் நனைந்த சேட்டுடன் இரவு பதினொரு மணி வரை நின்று பெயர் பதிந்தார். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால், பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்ட நான்கு மலசலகூடங்களில் மூன்றுக்கு உட்பக்கக் கொளுக்கி இல்லை. அம்மா எதுவும் பேசாமல் தன் பழைய சேலையின் கரையை நீளமாகக் கிழித்து, பூட்டுக் கழன்றுபோன ஓட்டைக்குள் கோத்து முடிச்சுப் போட்டுவிட்டு, "உள்ளுக்கை நிண்டு இதை இழுத்துப் பிடி பிள்ளை, நான் வெளியிலை நிக்கிறன்" என்றார். அவருடைய கை அந்த வேலையை அத்தனை விரைவாகச் செய்ததற்குக் காரணம், அதை அவர் 2009 முழுவதும் செய்திருந்தார்.

இறுதிப் போரின்போது, 2008-இன் கடைசியில், கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்ட எங்கள் குடும்பம், தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, தேவிபுரம், இரணைப்பாலை என்று நகர்ந்து நகர்ந்து மாத்தளன் மணலில் வந்து நின்றபோது எனக்கு 16 வயது. ஷெல்லுக்குப் பயந்து பங்கருக்குள் கிடந்ததை நாங்கள் இன்றும் பேசுகிறோம், பேசவும் வேண்டும். ஆனால், வெளிக்குப் போவதற்காகப் பொழுதுபடும்வரை அடக்கிக்கொண்டு இருந்ததை நாங்கள் பேசுவதில்லை. போகவேண்டி வரும் என்பதற்காகவே கிடைத்த கொஞ்சத் தண்ணீரையும் குடிக்காமல் விட்ட பெண்களை எனக்குத் தெரியும். மாதவிடாய்த் துணியை வெயிலில் விரித்துக் காயவைக்க மறைவான ஓர் இடம் கிடைக்காமல், அதை ஈரத்துடனேயே மீண்டும் கட்டிக்கொண்ட நாட்கள் எனக்கும் உண்டு. சாவு பக்கத்தில் இருந்த இடத்தில் இதையெல்லாம் ஒரு துன்பமென்று சொல்ல எங்களுக்கு வெட்கமாக இருந்தது, அந்த வெட்கம் இன்றுவரை போகவில்லை.

போர் முடிந்தபோது ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் முட்கம்பி வேலிகளுக்குள் இருந்தார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் வவுனியா மாவட்டத்தின் செட்டிகுளத்தில் இருந்த மெனிக் பாம் முகாமில். 2009 டிசெம்பர் 1ஆம் திகதி வரை முகாம்களை விட்டு வெளியே நடமாடும் சுதந்திரம் எவருக்கும் இருக்கவில்லை. மெனிக் பாமிலிருந்த கடைசிக் குடும்பங்கள் வெளியேறி அது மூடப்பட்டது 2012 செப்டெம்பரில். நாங்கள் இருந்த முகாமில் மலசலகூட வரிசைக்கும் எங்கள் கூடாரத்துக்கும் இடையில் ஒரு வெட்டவெளி இருந்தது. அதைத் தாண்டினால் காவலரண். இரவில் ஒரு பெண் எழுந்தால் நான்கு பெண்கள் எழும்புவார்கள். குளிப்பது திறந்த வெளியில், குறுக்குக் கட்டிய பாவாடையுடன், பார்த்துக்கொண்டு நிற்பவர்களுக்கு முதுகைக் காட்டியபடி. எங்கள் வரிசையில் இருந்த ஓர் அக்கா நான்கு கம்பும் இரண்டு யூரியாப் பைகளும் வைத்துக் குளிக்கும் மறைப்பு ஒன்று கட்டினார். முதல் நாளே அதற்கு முன்னால் முப்பது பேர் வாளியோடு வரிசையில் நின்றோம்.

பல ஆண்டுகள் கழித்து ஒரு பயிற்சிப் பட்டறையில், ஸ்பியர் நியமங்கள் என்று மனிதாபிமான அமைப்புகள் 1990-களின் கடைசியிலிருந்து வைத்திருக்கும் அளவுகோல்களை முதன்முறையாக வாசித்தேன். 20 பேருக்கு ஒரு மலசலகூடம் வேண்டும். அது இருப்பிடத்திலிருந்து 50 மீற்றருக்குள் இருக்க வேண்டும். உள்ளிருந்து பூட்டக்கூடியதாக, வெளிச்சம் உள்ளதாக இருக்க வேண்டும். ஒரு தண்ணீர்க் குழாயை 250 பேருக்கு மேல் பாவிக்கக் கூடாது. இதை எழுதியவர்களுக்கு எங்கள் அம்மாமாரைத் தெரிந்திருக்கிறது என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது. உள்நாட்டில் இடம்பெயர்ந்தோருக்கான ஐக்கிய நாடுகளின் 1998ஆம் ஆண்டு வழிகாட்டிக் கோட்பாடுகள் இன்னும் ஒரு படி மேலே போய், அடிப்படைப் பொருட்களைத் திட்டமிடுவதிலும் பகிர்ந்தளிப்பதிலும் பெண்கள் முழுமையாகப் பங்குபற்றுவதை உறுதிசெய்ய வேண்டும் என்கின்றன. ஆக, எங்கள் முகாமில் என்ன செய்திருக்க வேண்டும் என்பதில் பெரும்பகுதி எங்களுக்கு அது நடப்பதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்னரே எழுதப்பட்டிருந்தது.

முகாமில் எங்களுக்குக் கிடைத்த பாதுகாப்பு என்னவென்றால் புத்திமதி. தனியாகப் போகாதே, இருட்டின பிறகு போகாதே, தலைமயிரை விரித்துவிடாதே, யாரோடும் கதைக்காதே. சொன்னவர்கள் எங்கள் மீது உயிரையே வைத்திருந்தவர்கள் என்பதை நான் மறக்கவில்லை. ஆனாலும் அந்தப் புத்திமதிக்கு ஒரு மறுபக்கம் உண்டு. ஒரு பெண்ணுக்கு ஏதாவது நடந்தால், "அந்த நேரத்திலை அங்கை ஏன் போனவள்?" என்ற கேள்வியை எங்கள் வாயில் கொண்டுவந்து வைத்தது அதுதான். மலசலகூடம் அங்கே இருந்தது, அதனால் போனாள். அதை ஏன் அங்கே கட்டினீர்கள் என்று கட்டியவரிடம் கேட்பவர் ஒருவரும் இருக்கவில்லை.

போர்க்காலத்திலும் அதன் பின்னும் தடுத்துவைக்கப்பட்டவர்கள் மீது பாதுகாப்புப் படையினர் இழைத்த பாலியல் வன்முறைகளை, ஐக்கிய நாடுகளின் மனித உரிமைகள் அலுவலகம் 2015 செப்டெம்பரில் வெளியிட்ட விசாரணை அறிக்கை விரிவாகப் பதிவு செய்திருக்கிறது. அப்படிப் பாதிக்கப்பட்டவர்களில் ஆண்களும் இருக்கிறார்கள். அதை அவர்கள் தங்கள் மனைவியரிடம்கூடச் சொல்ல முடியாத ஊரில்தான் நாங்கள் வாழ்கிறோம். அந்த நீதியைக் கேட்பதை நாங்கள் ஒரு நாளும் நிறுத்தக் கூடாது. அதே வாயால் எங்கள் கூடாரங்களுக்குள் நடந்ததையும் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். வேலையும் மதிப்பும் இழந்த ஆண்களின் அடி, ஒரே தறப்பாளுக்குள் மூன்று குடும்பங்கள் படுத்த இரவுகளில் சொந்தக்காரர் ஒருவரின் கை, இவற்றைச் சொன்னால் எதிரிக்குத் துணைபோகிறோம் என்று சொல்லி எத்தனை பெண்களின் வாயை நாங்களே அடைத்தோம்.

கல்யாணங்களையும் இங்கே சொல்லாமல் விட முடியாது. புலிகளின் கட்டாய ஆட்சேர்ப்பிலிருந்து பிள்ளையைக் காப்பாற்றுவதற்காகப் பதினைந்து, பதினாறு வயதில் தாலி கட்டிவைக்கப்பட்ட சிறுமிகள் வன்னியில் நிறையப் பேர். என்னோடு படித்த ஒருத்திக்கு உடையார்கட்டில் ஒரு மாமரத்துக்குக் கீழே, மஞ்சள் கிழங்கைக் கயிற்றில் கோத்துத் தாலி கட்டினார்கள். அவள் பாடசாலைச் சட்டையைக் கழற்றிவிட்டுச் சேலை உடுத்து அரை மணித்தியாலம் இருக்காது. சட்டப்படி திருமண வயது 18 என்பதால் அவற்றில் பல பதிவாகவில்லை. பின்னர் அந்தப் பையன்கள் இறந்தபோதும், காணாமற்போனபோதும், வேறொருத்தியைக் கட்டிக்கொண்டு போனபோதும், இவர்களிடம் காட்டுவதற்கு ஒரு துண்டு கடதாசியும் இருக்கவில்லை. தாபரிப்புக் கேட்கவும் வழியில்லை, நட்டஈடு கேட்கவும் வழியில்லை. ஒரு வன்முறையிலிருந்து ஒளித்துவைக்கப்பட்ட இடமே இவர்களுக்கு இன்னொன்றாகிவிட்டது.

மீள்குடியேற்றம் வந்தால் எல்லாம் சரியாகும் என்று நம்பினோம். வந்தது தகரக் கொட்டில். கதவு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாக்கு. 2010-இல் அரச தரப்பு சொன்ன கணக்கின்படி வடக்கிலும் கிழக்கிலும் கணவனை இழந்த பெண்கள் 89,000 பேர். அவர்களில் எத்தனையோ பேர் இரவில் கத்தியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு அப்படியான கொட்டில்களில் படுத்தார்கள். பிறகு நுண்கடன் வந்தது. கிழமைக்குக் கிழமை தவணை கேட்டு, ஆண் துணை இல்லாத வீட்டு வாசலில் பொழுதுபட்ட பின்னும் மோட்டார் சைக்கிளில் வந்து நிற்கும் ஆட்கள் வந்தார்கள். வீட்டுத்திட்டத்தில் பெயர் சேர்ப்பதற்கும், ஒரு கையொப்பத்துக்கும் உடம்பை விலையாகக் கேட்டவர்களும் இருந்தார்கள். பாலியல் இலஞ்சம் என்ற அந்தக் குற்றம், 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தில் இப்போது எழுத்தில் இருக்கிறது என்பதை உங்கள் கிராமத்துப் பெண்கள் சங்கத்தில் தயவுசெய்து வாசித்துச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுங்கள். பாலியல் வல்லுறவுக்கு ஆளானவர் 72 மணித்தியாலத்துக்குள் வைத்தியசாலைக்குப் போனால், எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் மருந்தையும் கருத்தரிப்பைத் தடுக்கும் மருந்தையும் பெற வாய்ப்புண்டு. "பொலிசுக்குப் போவதா வேண்டாமா" என்று குடும்பம் கூடிக் கதைப்பதிலேயே அந்த மூன்று நாட்களும் கரைந்துபோவதை நான் கண்டிருக்கிறேன். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938.

ஐப்பசி மழைக்கு முன்னர் பிரதேச செயலகங்களில் அனர்த்த ஆயத்தக் கூட்டங்கள் நடக்கும். அரிசி எத்தனை மூடை, படகு எத்தனை என்று அங்கே கேட்பார்கள். பெண்கள் எவராவது அதற்குப் போனால், தங்குமிடமாகத் தெரிந்தெடுத்த ஒவ்வொரு பாடசாலையிலும் பெண்கள் மலசலகூடம் எங்கே இருக்கிறது, உள்ளே கொளுக்கி இருக்கிறதா, வழியில் லைற் எரிகிறதா, இரவில் முறையிட ஒரு பெண் உத்தியோகத்தர் அங்கே நிற்பாரா என்று கேட்டு, பதிலைக் கூட்டக் குறிப்பில் எழுதும்வரை எழுந்து வராதீர்கள். வெள்ளத்துக்குக் கேட்கப் பழகாதவர்கள், மறுபடியும் ஒரு போர் எங்களை அகதியாக்கினால் அன்றைக்கும் கேட்கப்போவதில்லை.

நான்காம் நாள் காலை நாங்கள் வீட்டுக்குப் புறப்பட்டபோது சேலைக்கரையை அவிழ்த்து எடுக்கப் போனேன். அம்மா விடவில்லை. பக்கத்து வகுப்பறையில் இன்னும் ஆறு குடும்பங்கள் இருந்தன.