விசா யார் கையில் இருக்கிறது?

மாதத்துக்கு நாலு பேராவது இன்பாக்ஸில் வந்துவிடுகிறார்கள். "அண்ணா, எந்த நாட்டுக்கு ஒர்க் விசா சீக்கிரம் கிடைக்கும்?" நானும் பதிலுக்கு ஒன்று கேட்பேன்: அங்கே போய்ச் சேர்ந்த ஆறாவது மாதமே வேலை போய்விட்டால் அந்த நாட்டில் எத்தனை நாள் இருக்கலாம் என்று விசாரித்தீர்களா? அதோடு பாதிப் பேர் காணாமல் போய்விடுவார்கள். ஒருவர் வெளிப்படையாகவே திட்டினார், நல்ல காரியம் பேசும்போது அபசகுனமாகப் பேசுகிறேனாம்.

அபசகுனம் எல்லாம் இல்லை. இரண்டு நாடுகளில் சேர்த்துப் பதினொரு வருடம் ஸ்பான்சர் விசாவில் வேலை பார்த்தவன் நான். மிகத் தாமதமாகப் புரிந்துகொண்ட விஷயம் ஒன்று உண்டு. "என் விசா, என் விசா" என்கிறோமே, அது பெரும்பாலும் நம்முடையதே கிடையாது. அதில் இருக்கிற போட்டோ நம்முடையதுதான், விரல் ரேகையும் நம்முடையதுதான். ஆனால் அந்த அனுமதியைக் கேட்டு வாங்கியது நிறுவனம். இவர் இனி எங்களிடம் வேலை செய்யவில்லை என்று அவர்கள் அரசுக்கு ஒரு வரி எழுதிவிட்டால் நாம் நாட்களை எண்ண ஆரம்பிக்க வேண்டியதுதான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். விசா வேறு, ஒர்க் பெர்மிட் வேறு, தங்கும் அனுமதி வேறு. சில நாடுகள் எல்லாவற்றையும் ஒரே அட்டையில் கொடுத்துவிடுவதால் ஒன்றுபோலத் தெரிகிறது. அமெரிக்காவைப் பார்த்தால் வித்தியாசம் விளங்கும். அங்கே நிறுவனம் போடும் எச்-1பி (சிறப்புத் திறன் வேலைகளுக்கான விசா வகை) மனுவைக் குடியேற்றத் துறை ஏற்க வேண்டும், அப்புறம் தூதரகம் பாஸ்போர்ட்டில் விசா ஸ்டாம்பிங் செய்ய வேண்டும், அதற்கும் அப்புறம் விமான நிலையத்தில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி உள்ளே விட வேண்டும். உள்ளே போன பிறகு எத்தனை நாள் இருக்கலாம் என்பதை முடிவு செய்வது விசாவில் இருக்கிற தேதி இல்லை, ஐ-94 என்கிற வருகைப் பதிவில் இருக்கிற தேதி. பாஸ்போர்ட் சீக்கிரம் காலாவதியாகப் போகிறது என்றால் அந்தத் தேதியோடு ஐ-94ஐ வெட்டிவிடுவதும் உண்டு. விசாவில் இன்னும் ஒரு வருடம் இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிட்டு, தங்கும் காலம் என்றைக்கோ முடிந்துபோனதைப் பிறகு கண்டுபிடித்துத் தலையில் கை வைத்தவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

சரி, யார் விண்ணப்பிக்கிறார்கள்? எச்-1பிக்கு நிறுவனம்தான் மனுப் போட வேண்டும், தனி ஆள் தனக்காகச் சும்மா போய்ப் போட்டுவிட முடியாது. பிரிட்டனில் ஸ்கில்ட் ஒர்க்கர் விசா வேண்டுமென்றால் ஸ்பான்சர் உரிமம் வைத்திருக்கும் நிறுவனம் முதலில் ஒரு சர்டிபிகேட் ஆஃப் ஸ்பான்சர்ஷிப் ஒதுக்க வேண்டும். பெயர்தான் சர்டிபிகேட், அது அரசின் கணினியில் இருக்கிற ஒரு பதிவு, நம் கைக்கு வருவது ஒரு எண். கனடாவில் நிறுவனத்தோடு கட்டப்பட்ட பல பெர்மிட்டுகளுக்கு, இந்த வேலைக்கு உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை என்று காட்டி நிறுவனம் எல்எம்ஐஏ என்கிற அரசு ஒப்புதலை வாங்க வேண்டும். ஆக, "விசா நான் எடுத்துத் தருகிறேன்" என்று சொல்கிற ஏஜென்ட் தன்னால் செய்ய முடியாத ஒன்றைத்தான் செய்து தருவதாகச் சொல்கிறார். ஃபார்ம் நிரப்பித் தரட்டும், ஆவணங்களைச் சரிபார்க்கட்டும், அதற்கு நியாயமான கூலி வாங்கிக்கொள்ளட்டும், தப்பில்லை. அனுமதி கேட்பது நிறுவனம், கொடுப்பது அரசு. நடுவில் இருப்பவர் எதைத் தருவார்?

எச்-1பி லாட்டரி பற்றி ஊரே பேசுகிறது, நானும் கொஞ்சம் பேசிவிடுகிறேன். கேட்பவர்கள் அதிகம், இடங்கள் குறைவு என்பதால்தான் குலுக்கல். வருடத்துக்கு 65,000 இடங்கள், அதோடு அமெரிக்காவில் முதுகலை முடித்தவர்களுக்கு 20,000. இந்த எண்ணிக்கை இருபது வருடமாக இதேதான். 2024 நிதியாண்டுக்கு வந்த பதிவுகள் ஏழரை லட்சத்தைத் தாண்டின. அத்தனை பேரா என்று வாயைப் பிளக்க வேண்டாம், ஒரே ஆளுக்கு நாலைந்து நிறுவனங்கள் பதிந்து வாய்ப்பைக் கூட்டிக்கொண்டிருந்தன. அடுத்த வருடம் நிறுவனக் கணக்கை விட்டுவிட்டு ஆள் கணக்கில் குலுக்கினார்கள், பதிவுகள் ஐந்து லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டன. நேர்மையாக ஒரே ஒரு பதிவோடு காத்திருந்து, மூன்று முறை குலுக்கலில் பெயர் விழாமல் வேறு வழி பார்த்துப் போனவர்கள் எத்தனை பேர்! அப்புறம் 2025 செப்டம்பரில், வெளிநாட்டில் இருப்பவருக்குப் போடும் புது மனுவுக்கு ஒரு லட்சம் டாலர் என்று ஓர் உத்தரவு. வெள்ளிக்கிழமை கையெழுத்து, ஞாயிறு முதல் அமல். அந்த வார இறுதியில் விடுமுறைக்குப் போயிருந்தவர்கள் எல்லாம் பழைய விசாவுக்கும் இது உண்டோ என்று பயந்து டிக்கெட் தேடி ஓடினார்கள். இல்லை என்ற விளக்கம் மறுநாள்தான் வந்தது. சட்டம் ஒழுங்காக இருக்கும்போதே, ஒரு கையெழுத்தில் இப்படி ஆட்டம் கண்டுவிடுகிற வாழ்க்கை இது.

இப்போது என் கதை. இரண்டாவது நாட்டில், பெர்மிட் முடிய நாலு மாதம் இருக்கும்போதே ரினீவல் பற்றிக் கேட்டேன். "ஆகிவிடும்" என்றார்கள். மூன்று மாதம், "வக்கீலிடம் இருக்கிறது." இரண்டு மாதம், "பட்ஜெட் ஒப்புதல் வர வேண்டும்." வீட்டு உரிமையாளர் வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் புது பெர்மிட் நகல் கேட்டுக்கொண்டே இருந்தார், மனைவியின் டிபென்டன்ட் அனுமதி என்னுடையதைப் பிடித்துத்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சமயத்தில் அப்ரைசல் வந்தது. சம்பள உயர்வு இல்லை, கூடுதலாக இன்னொரு டீமின் வேலையும் சேர்த்து. வேறு நேரமாக இருந்தால் ஒரு மணி நேரமாவது வாதாடியிருப்பேன். அன்றைக்கு முழுதாகப் படிக்கக்கூட இல்லை, கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். காலாவதிக்கு ஒன்பது நாள் முன்பு ரினீவல் வந்தது. யாரும் என்னை மிரட்டவில்லை, குரல் உயர்த்திக்கூடப் பேசவில்லை. மேனேஜர் நல்ல மனிதர்தான், பிறந்தநாளுக்கு கேக் வாங்கி வருவார். மிரட்ட வேண்டிய அவசியமே அவருக்கு இருக்கவில்லை.

இதை நான் சொன்னால், "வேலை கொடுத்தவன்தானே, கொஞ்சம் பொறுத்துப் போனால் என்ன" என்பார்கள். என் மாதிரி ஆபீஸில் உட்கார்ந்து வேலை செய்கிறவனுக்கு அது சம்பள உயர்வோடு போயிற்று. பண்ணையிலும் கட்டடத்திலும் வேலை செய்கிறவர்களுக்கு? கனடாவுக்கு 2023ல் போய்ப் பார்த்த ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர், அங்குள்ள தற்காலிக வெளிநாட்டுத் தொழிலாளர் திட்டத்தின் சில பிரிவுகள் நவீன அடிமைத்தனம் விளையும் நிலமாக இருக்கின்றன என்றே சொன்னார். பெர்மிட்டை ஒரே முதலாளியோடு கட்டிவிடுவதுதான் அவர் சுட்டிய முக்கியமான காரணம். கனடா மாதிரி ஒழுங்கான நாட்டைப் பற்றி இப்படியா என்று அப்போது பலருக்கு அதிர்ச்சி. வளைகுடாவின் கஃபாலா முறையை, அதாவது தொழிலாளியை முதலாளியின் பொறுப்பில் கட்டிவைக்கும் ஏற்பாட்டைத் திட்டுவதற்கு எல்லோருக்கும் வாய் வருகிறது, திட்ட வேண்டியதுதான். ஆனால் கத்தார் 2020ல் முதலாளியின் என்ஓசி (ஆட்சேபணை இல்லை என்ற கடிதம்) இல்லாமலே வேலை மாறலாம் என்று சட்டத்தை மாற்றியது (நடைமுறையில் எவ்வளவு முழுமை என்பது வேறு சண்டை). ஒருவனுடைய தங்கும் உரிமையை இன்னொருவன் கையில் கொடுத்துவிட்டால் எந்த நாடாக இருந்தாலும் இதேதான் நடக்கும்.

பிரிட்டனில் நடந்ததை இன்னும் நிறையப் பேர் பேச வேண்டும். 2022ல் முதியோர் பராமரிப்பு வேலைக்கு வெளிநாட்டு ஆட்களை எடுக்கக் கதவைத் திறந்தார்கள். ஸ்பான்சர்ஷிப் ஒதுக்குவதற்கு நிறுவனம் அரசுக்குக் கட்டுகிற தொகை சில நூறு பவுண்டுதான். அதையே ஆயிரக்கணக்கான பவுண்டுக்கு விற்றுவிட்டார்கள். கடன் வாங்கிக் கட்டிப் போனவர்கள் அங்கே இறங்கிப் பார்த்தால் வேலையே இல்லை, அல்லது வாரத்துக்குச் சில மணி நேரம்தான். பிறகு அரசு விழித்துக்கொண்டு நானூறுக்கும் மேற்பட்ட பராமரிப்பு நிறுவனங்களின் ஸ்பான்சர் உரிமத்தை ரத்து செய்தது. நல்லதுதானே என்று தோன்றும். உரிமம் போன நிறுவனத்தின் ஊழியர் கதி? வழக்கமாக 60 நாள், அதற்குள் வேறு ஸ்பான்சர் தேடு, இல்லையென்றால் கிளம்பு. ஏமாற்றியவனுக்கு உரிமம் போனது, ஏமாந்தவனுக்கு நாடே போனது. 2025 ஜூலையில் அந்த வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுக்கும் கதவையே மூடிவிட்டார்கள்.

அதனால் பணம் எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். உலகத் தொழிலாளர் அமைப்பின் 181வது உடன்படிக்கை, 1997ல் வந்தது, வேலைவாய்ப்பு நிறுவனங்கள் தொழிலாளியிடம் நேராகவோ சுற்றி வளைத்தோ கட்டணம் வாங்கக்கூடாது என்கிறது. எல்லா நாடும் அதில் சேரவில்லை, சில விதிவிலக்குகளும் உண்டு. கனடாவில் எல்எம்ஐஏவுக்கு நிறுவனம் கட்டுகிற 1,000 டாலரைத் தொழிலாளி தலையில் கட்டுவது சட்டவிரோதம். விசா கட்டணம், மெடிக்கல், மொழித் தேர்வு, சான்றிதழுக்கு அப்போஸ்டில் (வெளிநாட்டில் செல்ல அரசு போடும் முத்திரை), இவையெல்லாம் பல இடங்களில் நம் செலவுதான், புரிகிறது. ஆனால் "வேலைக்கே" பணம் கேட்டால் அங்கே வேலை விற்பனைக்கு இருக்கிறது என்று அர்த்தம், விற்பவருக்கு அது உரிமையானதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

"விசிட் விசாவில் போய் இறங்கி அங்கேயே மாற்றிக்கொள்ளலாம்" என்பது இன்னொரு பாட்டு. சில நாடுகளில் மாற்ற வழி உண்டு, பல நாடுகளில் கிடையாது, மாற்றும்வரை செய்கிற வேலை சட்டவிரோதம். மியான்மர், கம்போடியா, லாவோஸ் பக்கம் டேட்டா என்ட்ரி, கஸ்டமர் சப்போர்ட் வேலை என்று கூட்டிப்போய், பாஸ்போர்ட்டைப் பிடுங்கி ஆன்லைன் மோசடி செய்யவைத்தார்களே, அதில் மாட்டியவர்களில் நிறையப் பேர் சுற்றுலா அனுமதியில் போனவர்கள்தான். நேரில் போய் வேலை தேட வேண்டும் என்றால் அதற்கென்றே உள்ள வழிகளைப் பாருங்கள். ஜெர்மனி 2024 ஜூனில் கொண்டுவந்த சான்சன்கார்ட்டே (வாய்ப்பு அட்டை) அப்படிப்பட்டது: தகுதிப் புள்ளிகளும் செலவுக்குப் பணமும் காட்டினால் ஒரு வருடம் வரை அங்கே இருந்து தேடலாம், வாரத்துக்கு 20 மணி நேரம் பகுதிநேர வேலையும் செய்துகொள்ளலாம். வேலை நிச்சயம் கிடைக்கும் என்று அது சொல்லவில்லை, யாருக்கும் பயந்து ஒளிய வேண்டியதில்லை, அவ்வளவே.

ஆவணங்கள் பற்றிக் கேட்காதீர்கள், அதற்கே தனிப் பதிவு வேண்டும். ஒன்று மட்டும்: சான்றிதழில் ஒரு மாதிரியும் பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரியும் பெயர் இருந்தால் இன்றைக்கே சரிசெய்ய ஆரம்பியுங்கள். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர்தான் என்றால் அமெரிக்க விசாவில் அதைக் குடும்பப்பெயராகப் போட்டுவிட்டு, முன்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்என்யூ என்று அடித்துவிடுவார்கள். முன்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. அப்புறம் வங்கியில், லைசென்ஸில், எல்லா இடத்திலும் நீங்கள் மிஸ்டர் எஃப்என்யூதான்.

பெர்மிட்டை முதலாளியோடு கட்டுவதற்கு அரசுகள் சொல்லும் காரணம், உள்ளூர்க்காரன் வேலை பறிபோகக்கூடாது என்பது. கவலை நியாயமானதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் வேலை மாற முடியாத, சம்பளம் கேட்கப் பயப்படுகிற ஒரு ஆளைப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தால் உள்ளூர்க்காரனுக்கு மட்டும் சம்பளம் எப்படி ஏறும்? மாற்றுவழி இல்லாமலும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2021ல் திருத்திய ப்ளூ கார்டு (திறன் மிக்க வெளிநாட்டு ஊழியர்களுக்கான அனுமதி அட்டை) விதிப்படி வேலை போனால் மூன்று மாதமும், இரண்டு வருடத்துக்கு மேல் அந்த அட்டை வைத்திருந்தால் ஆறு மாதமும் அவகாசம் உண்டு. ஆஸ்திரேலியா 2024 ஜூலையில் அங்குள்ள ஸ்பான்சர் விசாக்காரர்களுக்கு 60 நாளாக இருந்ததை 180 நாளாக ஆக்கியது, அந்த இடைவெளியில் வேறு இடத்தில் வேலை செய்யவும் விட்டது. நான் வேலை இழந்து 60 நாள் கணக்கில் ஓடிய வருடத்தில், அறுபது என்பது ஏதோ இயற்கை விதி மாதிரி நினைத்துக்கொண்டிருந்தேன். யாரோ ஒரு அறையில் உட்கார்ந்து போட்ட எண் அது, மாற்றவும் முடிகிறது.

போன வாரம் ஒரு தம்பி ஆஃபர் லெட்டர் அனுப்பிப் பார்க்கச் சொன்னார். சம்பளம் நன்றாக இருக்கிறது, நிறுவனமும் ஸ்பான்சர் உரிமம் பெற்றவர்களின் அரசுப் பட்டியலில் இருக்கிறது, நானே போய்ப் பார்த்துவிட்டேன். ஒன்பதாவது பக்கத்தில் ஒரு வரி, இரண்டு வருடத்துக்குள் விலகினால் "குடியேற்றச் செலவுகள் அனைத்தையும்" ஊழியர் திருப்பித் தர வேண்டும். எந்தச் செலவு, எவ்வளவு, நிறுவனமே வேலையை விட்டு அனுப்பினாலும் தர வேண்டுமா, ஒன்றும் இல்லை. கேட்டு மெயில் போடச் சொன்னேன். "கேட்டால் ஆஃபரையே திரும்ப எடுத்துவிட்டால் என்ன அண்ணா செய்வது?" என்கிறார். இரண்டு நாள் யோசித்துவிட்டு நேற்று ராத்திரிதான் அனுப்பியிருக்கிறார். பதில் வந்தால் அவர் அனுமதியோடு இங்கேயே போடுகிறேன்.