சேறும் அரைஞாண் கயிறும்

ஆயுத பூஜை விடுமுறைக்கு மன்னார்குடிப் பக்கம் மாமனார் ஊருக்குப் போயிருந்தோம். சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது. ஒன்றே முக்கால் வயதுப் பயலை வயலில் இறக்கிவிட்டு எடுத்த படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். உச்சி முதல் பாதம்வரை சேறு, கண்ணும் பல்லும் மட்டும்தான் தெரியும். பத்து நிமிடத்தில் பதினோரு அறிவுரைகள். சளி பிடிக்கும், சொறி வரும், "புள்ளைய இப்படியா வளப்பாங்க?" இன்னொரு பக்கம் இதயம் விட்டவர்கள்: "மண்ணுல புரண்டாத்தான் எதிர்ப்பு சக்தி." இரண்டு கட்சிக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

வீட்டிலிருந்து வயலுக்கு ஐந்து நிமிட நடை. அவனோடு போனால் முக்கால் மணி நேரம். வரப்பில் ஒவ்வொரு நண்டு வளையிலும் குனிந்து "யாரு?" என்று கேட்டான். பதில் வரும்வரை நகர மாட்டான். வீட்டுக்காரர் பொறுமையிழந்து நாற்றுக்கட்டு தூக்கப் போய்விட்டார்.

பரம்படித்துத் தயாராக இருந்த வயல்களில், இன்னும் அடியுரம் போடாத மூலை வயலை மாமா காட்டினார். இறக்கிவிட்டதும் முட்டிவரை உள்ளே போய்விட்டான். அசையவில்லை. அழப்போகிறான் என்று கையை நீட்டினேன். மெல்லக் காலை இழுத்தான். 'பொளக்' என்று ஒரு சத்தம். அது தன்னிடமிருந்துதான் வந்ததா என்று சந்தேகத்தோடு பின்பக்கம் திரும்பிப் பார்த்தான். அப்புறம் அரை மணி நேரம் அந்தச் சத்தத்துக்காகவே நடந்தான்.

டயப்பர் வயல் தண்ணீரையெல்லாம் குடித்துவிட்டுத் தலையணை மாதிரி உப்பிக்கொண்டது. கழற்றிப் பையில் போட்டுக் கட்டினேன். உடம்பில் மிச்சம் இருந்தது கறுப்பு அரைஞாண் கயிறு மட்டும். அந்தக் கயிற்றுக்காக எனக்கும் அத்தைக்கும் ஒரு வருடமாகப் பனிப்போர். அழுக்கு சேர்கிறது, இடுப்பில் பதிகிறது என்று சென்னையில் இரண்டு முறை வெட்டி எறிந்திருக்கிறேன். ஊருக்கு வந்த மறுநாள் காலையில் பார்த்தால் புதுசு கட்டியிருப்பார்.

நடவுக்கு வந்திருந்த ஓர் அக்கா நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். "நாங்க காசு வாங்கிக்கிட்டு எறங்குறோம், நீங்க காசு செலவு பண்ணி வந்து எறங்குறீங்க." மதியம் வரப்பில் உட்கார்ந்து அவர் கால் கழுவியபோது, விரலிடுக்கெல்லாம் வெள்ளையாக வெந்துபோயிருந்தது. சேற்றுப்புண். 'மண்வாசனை' என்று தலைப்புப் போட்டு நான் எழுதி வைத்திருந்த வரியை அப்போதே அழித்துவிட்டேன்.

சேறு போகக் கழுவுவதற்கு வாய்க்கால் படிக்கட்டுக்குக் கூட்டிப்போனோம். மேட்டூர்த் தண்ணீர், நல்ல ஓட்டம். நான் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். மிதந்து வந்த ஒரு நாற்று முடியைப் பிடிக்கக் குனிந்தவன் வழுக்கினான். நான் பாய்ந்து கையைப் பிடித்தேன். சேறு அப்பிய கை, விரால் மீன் மாதிரி நழுவிவிட்டது. அத்தை பின்னாலிருந்து கயிற்றில் விரலைக் கொடுத்து வெடுக்கென்று இழுத்து மடியில் போட்டுக்கொண்டார். அவன் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, சிரித்தான். எனக்குத்தான் கால் நடுங்கியது. "போனை உள்ள வைம்மா" என்றார் அத்தை. அவ்வளவுதான். கயிற்றைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

அந்தப் பதினோரு அறிவுரைகளைத் திரும்பப் படித்தேன். தண்ணீரைப் பற்றி ஒருவர்கூடச் சொல்லவில்லை. உலக அளவில் நீரில் மூழ்கி இறப்பது அதிகம் 1 முதல் 4 வயதுப் பிள்ளைகளிடம்தான். அதற்கு வாய்க்கால்கூட வேண்டாம், பாத்ரூம் வாளி போதும். அழுக்கென்றால் பதறுகிறோம், வாளியில் தண்ணீரை நிரப்பி வைத்துவிட்டுப் போன் பேசப் போகிறோம். (கயிறு கட்டினால் போதும் என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள். கை எட்டும் தூரத்தில் ஓர் ஆள் வேண்டும். நான் இருந்தேன், போனோடு.)

எதிர்ப்பு சக்திக் கட்சிக்கும் ஒரு வார்த்தை. 1989இல் ஸ்ட்ராச்சன் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர், அண்ணன் அக்கா நிறைய இருக்கும் பிள்ளைகளுக்கு ஒவ்வாமைச் சளி குறைவாக வருகிறது என்று எழுதினார். அங்கிருந்து கிளம்பிய பேச்சு இது. எந்தச் சேற்றிலும் புரளலாம் என்று அவர் சொல்லவில்லை. மனிதக் கழிவு கலந்த மண்ணில் வெறுங்காலோடு நடந்தால் கொக்கிப்புழு தோல் வழியாகவே ஏறும். வரப்பில் எலி இருந்தால், காலில் கீறல் இருந்தால், எலிக்காய்ச்சல் பயம் உண்டு. நட்ட மூன்றாம் நாள் வாக்கில் மணலில் கலந்து களைக்கொல்லி வீசுவார்கள். அதற்கப்புறம் அந்த வயல் பக்கம் பிள்ளையைக் கொண்டுபோகக் கூடாது. இன்னும் எதுவும் போடாத மூலை வயலை மாமா காட்டியதன் அர்த்தம் எனக்கே அப்புறம்தான் புரிந்தது. தடுப்பூசி அட்டையை ஒருமுறை பாருங்கள். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் அங்கன்வாடியில் கொடுக்கும் பூச்சி மாத்திரையை விடாதீர்கள். ஒரு வயதிலிருந்து இரண்டு வயதுவரை அரை மாத்திரை. இவ்வளவையும் பார்த்துவிட்டு இறக்குங்கள், தாராளமாக. நான் மறுபடியும் இறக்குவேன்.

அன்று ராத்திரி மூன்று முறை குளிப்பாட்டியும் காதுமடலில் சேறு மிச்சம் இருந்தது. நட்டது சி.ஆர். 1009, நூற்றைம்பது நாளைத் தாண்டி நிற்கும் நெல் ரகம். அறுவடைக்கு வரும்போது பயலுக்கு இரண்டு வயது முடிந்திருக்கும்.

சென்னைக்கு வந்து ஒரு வாரமாகிறது. கயிறு இன்னும் இடுப்பில்தான் இருக்கிறது. குளிப்பாட்டினால் சீக்கிரம் காய்ந்து தொலைய மாட்டேன் என்கிறது, அது வேறு எரிச்சல்.