ஜோன்புரி பாரதி போட்டதில்லை

மூன்று நாளாகப் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை, எழுதிவிடுகிறேன்.

எந்த வீடியோ என்று சொல்ல வேண்டியதில்லை. நீங்களும் பார்த்திருப்பீர்கள், பாதிப் பேர் பகிர்ந்தும் இருப்பீர்கள். அந்தப் பெண் பாரதியின் 'ஆசை முகமறந்து போச்சே'யை, வழக்கமாக எல்லாரும் பாடுகிற ஜோன்புரி ராகத்தில் இல்லாமல், பிலஹரி ராகத்தில் பாடினாள். மொத்தமே நாலு நிமிஷம். அதற்குக் கிடைத்த மரியாதையைப் பார்த்தேன். "பாரதியைக் கொன்றுவிட்டாள்." "ஒரிஜினல் மெட்டை மாற்ற இவள் யார்?" "முதலில் ஜோன்புரி கற்றுக்கொண்டு வா, பாப்பா." கடைசியாகச் சொன்னது நான் மதிக்கிற மனிதர். அவருடைய பல பதிவுகளுக்கு ஓடிப்போய் விருப்பக்குறி போட்டவன் நான்.

ஒரிஜினல் மெட்டாம்.

ஐயா, ஜோன்புரி பாரதி போட்டதில்லை. வீட்டில் பாரதி கவிதைத் தொகுப்பு இருக்குமே, டிசம்பர் 11க்கும் செப்டம்பர் 11க்கும் தூசு தட்டுகிற அந்தப் புத்தகம், அதை எடுங்கள். கண்ணன் பாட்டுக்குப் போங்கள். 'கண்ணன் என் காதலன்' வரிசையில் ஐந்தாவது பாட்டு, 'பிரிவாற்றாமை'. தலைப்புக்குக் கீழே சின்ன எழுத்தில் என்ன போட்டிருக்கிறது? ராகம் பிலஹரி. அந்தப் பெண் எதையும் மாற்றவில்லை. மாற்றியவர்கள் நாம். மாற்றிவிட்டு, மாற்றியதே மூலம் என்று சாதிப்பவர்களும் நாம்.

இந்த ஒரு பாட்டோடு போகவில்லை. 'தீராத விளையாட்டுப் பிள்ளை'க்குப் பாரதி எழுதியது கேதாரம். நாம் கேட்டு வளர்ந்தது ராகமாலிகை, பல ராகங்களைக் கோத்த மெட்டு. 'காக்கைச் சிறகினிலே'க்கு யதுகுல காம்போதி. நம் காதில் இருப்பது 1982இல் 'ஏழாவது மனிதன்' படத்துக்கு எல்.வைத்தியநாதன் போட்டு ஜேசுதாஸ் பாடியது. 'சின்னஞ்சிறு கிளியே' என்றதும் எல்லார் வாயிலும் வருகிற ராகமாலிகை 1951இல் 'மணமகள்' படத்துக்காக சி.ஆர்.சுப்பராமன் அமைத்தது. எம்.எல்.வசந்தகுமாரியும் வி.என்.சுந்தரமும் பாடினார்கள். பாரதி போய் முப்பது வருஷம் கழித்து. அற்புதமான மெட்டு, நான் இல்லையென்று சொல்லவில்லை. காபி ராகத்தில் வசந்தகுமாரி அம்மா 'கிளியே' என்று எடுக்கிற இடத்தில் எனக்கு இன்றைக்கும் தொண்டை அடைக்கும். ஆனால் பாரதி அந்தப் பாட்டுக்குப் போட்டது பைரவி, ரூபக தாளம்.

போட்டதோடு விடவில்லை அந்த மனிதர். ஸ்வர வரிசையையும் எழுதிக் கொடுத்துவிட்டு, இதை மாதிரியாக வைத்துக்கொண்டு 'மனோபாவப்படி மாற்றிப் பாடுக' என்று ஒரு குறிப்பும் வைத்திருக்கிறார். மாற்றிப் பாடுக. எழுதியவரே கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நாம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களிடம் டிக்கெட் கேட்கிறோம்.

இப்போது வருவார்கள். "ராகம் தாளமெல்லாம் பின்னால் வந்த பதிப்பாளர்கள் சேர்த்தது சார்." 'மனோபாவப்படி மாற்றிப் பாடுக' என்பது பதிப்பாளர் எழுதுகிற வாக்கியமா? படித்தால் யார் குரல் என்று தெரியவில்லையா? புதுச்சேரிக் கடற்கரை மணலில் பாரதி இந்தப் பாட்டுகளைப் பாடிக் கேட்ட அனுபவத்தை அவருடைய நண்பர் வ.வே.சு. ஐயர் கண்ணன் பாட்டு முன்னுரையில் எழுதியிருக்கிறார். காகிதத்தில் எழுதி யாராவது மெட்டுப் போடட்டும் என்று காத்திருந்த ஆள் இல்லை அவர்.

"பிலஹரி சந்தோஷ ராகம், காலை ராகம், பிரிவுக்கு ஒத்துவராது." இது கொஞ்சம் யோசிக்க வேண்டிய கேள்விதான். நானும் யோசித்தேன். பாட்டு கற்றுக்கொண்ட பிள்ளைகளெல்லாம் பிலஹரியில் 'ரார வேணு கோபபாலா' ஸ்வரஜதி பாடித் துள்ளியவர்கள்தான். ஆனால் இந்தப் பாட்டை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். 'ஆசை முகமறந்து போச்சே, இதை ஆரிடம் சொல்வேனடி தோழி.' இது ஒப்பாரியா? 'போச்சே' என்கிறாள் ஐயா. வீட்டுச் சாவியை எங்கோ வைத்துவிட்டு, இப்போதுதானே கையில் இருந்தது என்று திகைக்கிறவள் சொல்கிற 'போச்சே'. நேசம் அப்படியே இருக்கிறது, முகம் மட்டும் நினைவில் இல்லை, இதென்ன கூத்து என்று தோழியிடம் ஆற்றாமையாகப் பேசுகிறாள். ஜோன்புரியில் அது முழுக்க அழுகையாகிவிடுகிறது. பிலஹரியில் அந்தத் திகைப்பு நிற்கிறது. அப்புறம், பிலஹரிக்கு உருகத் தெரியாதென்று யார் சொன்னது? தியாகராஜரின் 'நா ஜீவாதார' பிலஹரிதான். செத்தவரை அந்தக் கீர்த்தனை எழுப்பியதாகக் கதையே உண்டு. அந்த ராகத்துக்கு ஒரு பிரிவைத் தாங்கத் தெம்பில்லையாம்!

"மக்கள் மனதில் நிலைத்துவிட்ட மெட்டு" என்பார்கள். சரி. நியாயம். நிலைக்கட்டும். அதற்காக இன்னொன்றைப் பாடினால் அடிப்பதா?

"பாரதிக்கு சங்கீதம் எவ்வளவு தெரியும்?" என்றும் ஒருவர் கேட்டிருக்கிறார். இதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. 'சங்கீத விஷயம்' என்று பாரதியின் கட்டுரை ஒன்று இருக்கிறது, அவரே போய்ப் படித்துக்கொள்ளட்டும். எந்தக் கச்சேரிக்குப் போனாலும் 'வாதாபி கணபதிம்' தொடங்கி ஒரே கதை என்று தலையில் அடித்துக்கொள்கிறார் பாரதி. நூறு வருஷம் கழித்து அவர் பாட்டையே நாம் ஒரே கதையாக்கி வைத்திருக்கிறோம்.

எரிச்சலோடு எரிச்சலாக இதையும் சொல்லிவிடுகிறேன். சபாக்களில் பாரதிக்கு எந்த இடம்? மிருதங்கக்காரரின் தனி ஆவர்த்தனம் முடிந்து, முன்வரிசை எழுந்து, பின்வரிசை காலால் செருப்பைத் துழாவுகிற நேரத்தில் ஒரு ஜோன்புரி, ஒரு சிந்துபைரவி, அப்புறம் மங்களம். துக்கடா, அதாவது கடைசியில் போடுகிற சில்லறைப் பாட்டு. அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர் குறித்து வைத்த பைரவியிலும் கேதாரத்திலும் பிலஹரியிலும் பாடினால் நடுக்கச்சேரியில் உட்கார வைக்கலாம், ஒரே வரியை விதவிதமாக விரித்து நிரவல் செய்யலாம். வால் பகுதிக்கு ஏற்ற ராகங்களில் மெட்டுப் போட்டுவிட்டு, பாரதி வாலுக்குத்தான் லாயக்கு என்கிறோம். இப்போது சொல்கிறேன், அவர் போட்ட ராகத்தில்தான் பாடவேண்டும்! (மேலே யார் எப்படி வேண்டுமானாலும் பாடலாம் என்றாயே என்று கேட்பீர்கள். கேளுங்கள். கோபத்தில் இருக்கிறேன்.)

ஒரு காலத்தில் பாரதி பாட்டை இசைத்தட்டில் போடும் உரிமை ஏ.வி.எம். கையில் இருந்தது. 1949இல் சென்னை மாகாண முதல்வர் ஓமந்தூரார் ஆட்சியில் பாரதி உரிமைகள் அரசுக்கு வந்து, பிறகு எல்லாருக்கும் பொதுவாயின. உலகத்திலேயே அபூர்வமான காரியம். அப்படிப் பொதுவில் விட்ட பாட்டுக்கு இப்போது கமெண்ட் பெட்டியில் பட்டா போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

உனக்கு ஏன் இவ்வளவு கோபம், அந்தப் பெண் உன் சொந்தக்காரியா என்று நேற்று ஒரு நண்பர் கேட்டார். இல்லை. அவள் யாரென்றே தெரியாது.

என் மகள் ஏழாம் வகுப்பு படித்தபோது பள்ளியில் பாரதி விழாப் போட்டி வைத்தார்கள். எங்கள் வீட்டில் அப்பா வைத்திருந்த பழைய கண்ணன் பாட்டு இருக்கிறது. அட்டை போய் காலண்டர் தாளில் உறை போட்டது. அதைப் புரட்டிக்கொண்டிருந்தவள், "இதுல பிலஹரின்னு போட்டிருக்கே, அதுல பாடவாப்பா?" என்றாள். நான்தான் பாடு என்றேன். அவளுடைய பாட்டு டீச்சர் மெனக்கெட்டு மெட்டமைத்துக் கொடுத்தார். மூன்று வாரம் சாயங்காலம் முழுக்க எங்கள் வீட்டில் பிலஹரிதான். நான் குக்கர் விசில் எண்ணுவதைக்கூட விட்டுவிட்டுக் கேட்பேன்.

போட்டியன்று நடுவர், "பாட்டு மாறிப்போச்சாம்மா?" என்று மைக்கிலேயே கேட்டார். அரங்கம் சிரித்தது. இவள் புத்தகத்தைக் கொண்டு போயிருந்தாள், காட்டலாம் என்று. காட்டவிடவில்லை. மதிப்பெண் தாளில் 'மெட்டு தவறு' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார்கள். ஆட்டோவில் வரும்போது அழவில்லை. "நீதானேப்பா பாடச் சொன்ன" என்று மட்டும் சொன்னாள். அந்த வருஷக் கடைசியில் பாட்டு வகுப்பை நிறுத்திவிட்டாள். படிப்புச் சுமை என்று சொல்லிக்கொண்டோம்.

இப்போது ஓசூரில் வேலையில் இருக்கிறாள். அந்த வீடியோவை எனக்கு முதலில் அனுப்பியதே அவள்தான். "கமெண்ட்ஸ் படிக்காதப்பா" என்று கீழே ஒரு வரி. படித்துவிட்டேன்.

நேற்று ராத்திரி அந்தப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். அந்தப் பக்கத்தில், 'பிலஹரி' என்று இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில், அப்பா பென்சிலில் எழுதி வைத்திருக்கிறார்: 'கேட்க வேண்டும்'. அவர் யாரும் பாடிக் கேட்டதில்லை. பேத்தி பாடியபோது அவர் இல்லை.

பக்கத்தைப் படம் எடுத்து முதல் கமெண்டில் போட்டிருக்கிறேன். திட்டுவதற்கு முன்னால் அதைப் பெரிதாக்கிப் பாருங்கள்.