நாயை ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போங்கள்

எங்கள் பக்கத்தில் நாய் வளர்ப்பவர்கள் நிறைய. வாசல் தூணிலோ மாட்டுக்கொட்டகையிலோ சங்கிலி போட்டுக் கட்டி, வேளாவேளைக்குச் சோறு வைத்துவிட்டால் கடமை முடிந்தது என்று இருப்பவர்களும் நிறைய. அப்புறம், "செருப்பையெல்லாம் கடிச்சுப் போடுது, ராத்திரி பூரா குலைக்குது, அவுத்துவிட்டா மேல பாயுது" என்று புலம்புவார்கள். ஒரு வயதுகூட ஆகாத நாய் அது. நாள் முழுக்க நாலு முழச் சங்கிலிக்குள் நின்றால் வேறு என்ன செய்யும்? அதைத் திமிர் என்று சொல்லி இரண்டு அடியும் போடுவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

இளநாயைத் தினமும் வெளியே கூட்டிப்போக வேண்டும். அதற்கு நம் டெல்டாவைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும்? தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போவதற்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆற்றைத் தாண்டிவிடுகிறோம். ஒவ்வொன்றுக்கும் இரண்டு கரை, அதில் மண் பாதை, பல இடங்களில் மர நிழல். சென்னையில் நாய் வைத்திருக்கும் என் நண்பன் பூங்காவுக்குள் விடமாட்டேன் என்கிறார்கள் என்று வருத்தப்படுகிறான். நமக்கு அந்தக் கவலையே கிடையாது. ஆனாலும் நாய் தூணில்தான் கிடக்கிறது.

எங்கள் வீட்டுப் பொட்டு ஒரு நாட்டு நாய். செவலை நிறம், நெற்றியில் வெள்ளையாக ஒரு புள்ளி, அதனால் அந்தப் பெயர். ஒரு வயது தாண்டிவிட்டது, துள்ளல் மட்டும் குறையவில்லை. காலையில் நான் கயிற்றை எடுக்கும் சத்தம் கேட்டாலே முன்னங்காலை நீட்டி முதுகை வளைத்து ஒரு சோம்பல் முறிப்பு, பிறகு வாசலுக்கும் கொல்லைக்கும் ஒரே ஓட்டம். குடமுருட்டிக் கரைதான் எங்கள் வழி.

நாயை நடத்துவது என்றால் எத்தனை கிலோமீட்டர் என்றுதான் பலரும் கேட்கிறார்கள். தூரத்தைவிட மோப்பம்தான் அதற்கு முக்கியம் என்பது என் கருத்து. கரையிலிருந்து வரப்பில் இறங்கியதும் பொட்டு ஒரு நண்டு வளையைக் கண்டுபிடிக்கும். மூக்கை உள்ளே விட்டு, 'புஸ்' என்று ஒரு மூச்சு விடும். ஈரச் சேறு மூக்கு நுனியில் ஒட்டிக்கொள்ளும். தலையைச் சாய்த்து, ஒரு காதை வளைப் பக்கம் திருப்பி, ஒற்றைக் காலைத் தூக்கியபடி அப்படியே நிற்கும். உள்ளே நண்டு அசைந்தால் வால் விறைக்கும். இந்த நேரத்தில் கயிற்றைப் பிடித்து "வா வா" என்று இழுக்கக் கூடாது. அதற்கு இதுதான் வேலை, இதுதான் விளையாட்டு. இப்படி நின்று நின்று நிதானமாகப் போய்வந்தால், தார் ரோட்டில் விறுவிறுவென்று இழுத்துப்போன நாளைவிட நன்றாகத் தூங்குகிறது. வீட்டில் செருப்பும் தப்பிக்கிறது.

சிலர் நாயைப் பைக்கில் கட்டி ஓடவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வளரும் நாய்க்கு எலும்பு முனைகள் கெட்டிப்பட ஒரு வருடமாவது ஆகும், ராஜபாளையம் மாதிரிப் பெரிய இனங்களுக்கு இன்னும் கூடுதல் காலம். அதற்குள் கெட்டித் தரையில் ஓட்டி ஓட்டி மூட்டைக் கெடுத்துவிட்டால் பிறகு சரிசெய்வது கஷ்டம். அது நினைத்தபோது ஓடி நினைத்தபோது நிற்கட்டும். கோடையில் ஆறு வறண்டு கிடக்கும்போது மணல்தான் அருமையான மைதானம். காலுக்கு மெத்தென்று இருக்கும். மணல் அள்ளிய பள்ளங்களை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் கோடையில் நேரம் முக்கியம். நமக்கு வியர்ப்பதுபோல் நாய்க்கு உடம்பு முழுக்க வியர்க்காது. நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். காற்றில் ஈரம் கூடினால் அந்த இரைப்பும் பெரிதாக உதவாது. அதனால்தான் நம் ஊரில் வெயில் தாழ்ந்த பிறகும் புழுக்கமான சாயங்காலங்களில் நாய் திணறும். சித்திரை வைகாசியில் விடிந்ததும் கிளம்பி, வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்பிவிட வேண்டும். புறங்கையை ரோட்டில் சில விநாடி வைத்துப் பாருங்கள், நமக்குச் சுட்டால் அதன் பாதத்துக்கும் சுடும். தள்ளாடினாலோ, நாக்கு செக்கச்செவேல் என்று ஆகி எச்சில் கெட்டியாக ஒழுகினாலோ நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே மருத்துவரிடம் ஓட வேண்டும்.

மேட்டூரில் வழக்கமாக ஜூன் 12-ல் திறக்கும் தண்ணீர் கல்லணையில் பிரிந்து நம் ஆறுகளுக்கு வந்ததும் கரையின் முகமே மாறிவிடும். பொட்டுவுக்குத் தண்ணீர் என்றால் உயிர். இழுப்பு இல்லாத படித்துறையில், நீளக் கயிற்றோடுதான் இறக்குவேன். மதகு, ஷட்டர் பக்கம் கிட்டவே போவதில்லை. நீந்தத் தெரிந்த நாயையும் அந்தச் சுழல் விடாது.

கயிறு பற்றி இன்னொன்று. அறுவடை முடிந்த வயல்களில் ராமநாதபுரம் பக்கத்து ஆடுகள் கிடை போட்டிருக்கும், வாத்துக்கூட்டமும் மேயும். ஒருநாள் ஒரு கீதாரி, அதாவது ஆட்டுமந்தையின் தலைவர், தூரத்திலிருந்தே குரல் கொடுத்தார்: "தம்பி, கயித்த விட்டுராதீங்க. சினையாடு நிக்குது." துரத்தப்பட்ட சினையாடு குட்டியை இழக்கலாம், அது அவருடைய பிழைப்பு. பொட்டு அவ்வளவு ஆடுகளைப் பார்த்ததும் நடுங்கியபடி முனகிக்கொண்டு நின்றது. உட்காரச் சொல்லி, அது உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்ததும் ஒரு துண்டு முட்டை கொடுத்தேன். கிடை தாண்டும்வரை இப்படியே உட்கார்ந்து எழுந்து போனோம். இளநாய்க்கு இதைவிட நல்ல பாடம் எந்தப் பயிற்சிப் பள்ளியிலும் இல்லை.

மனிதர்களிடமும் அப்படித்தான். படித்துறைக்குக் குளிக்க வரும் ஒரு பாட்டி "கடிக்குமா தம்பி?" என்று கேட்டால், "ஒண்ணும் செய்யாது பாட்டி" என்று சொல்லிக்கொண்டே நாயை அவர் பக்கம் விடுவது பெரிய தப்பு. கயிற்றைச் சுருட்டிப் பிடித்து, ஓரமாக ஒதுங்கி நின்று வழி விட வேண்டும். பயப்பட அவருக்கு உரிமை இருக்கிறது.

ஊசிகளில் கஞ்சம் வேண்டாம். வெறிநாய்த் தடுப்பூசி வருடா வருடம் கட்டாயம். நம் பக்கம் வயலெல்லாம் எலி, எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் பரவும் எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும், அதற்கும் தடுப்பூசி உண்டு, கேட்டுப் போடுங்கள். வரப்பில் எலி மருந்து வைத்திருக்கிறார்களா என்று வயல்காரரிடம் விசாரித்துவிட்டு இறங்குங்கள். அறுவடைக் காலத்தில் கண்ணாடி விரியன் நடமாட்டம் இருக்கும், புதருக்குள் விடாதீர்கள். கடித்துவிட்டால் கட்டுப்போடுவது, கீறிவிடுவது எல்லாம் வேண்டாம். நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு நேரே கால்நடை மருத்துவமனைக்குப் போங்கள், விஷமுறிவு மருந்து நாய்க்கும் வேலை செய்யும். ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. வீடு திரும்பியதும் விரல் இடுக்கிலும் காதுமடலிலும் உண்ணி இருக்கிறதா, நாயுருவி முள் ஒட்டியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். பொட்டு அந்த நேரத்தில் மல்லாந்து படுத்துக்கொள்ளும், அதற்கு அது பிடித்திருக்கிறது.

எனக்கும் இதில் லாபம் உண்டு. டாக்டர் நடக்கச் சொன்னபோது தட்டிக்கழிக்க ஆயிரம் காரணம் இருந்தது. இப்போது மழை தூறினாலும் கதவருகே வந்து நிற்கிற ஒரு ஜீவனிடம் அந்தக் காரணம் எதுவும் செல்லாது.

கடைசியாக, கரையில் உட்கார்ந்து குடிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். பாட்டிலை மதகுச் சுவரில் அடித்து உடைக்காதீர்கள். போன மழைக்காலத்தில் பொட்டுவின் முன்னங்காலில் கண்ணாடி ஏறித் தையல் போட வேண்டியிருந்தது. நடவுக்குப் போகிற பெண்களும் அதே பாதையில் வெறுங்காலோடுதான் வருகிறார்கள். நான் இப்போது ஒரு சாக்கு எடுத்துப் போகிறேன், முழு பாட்டில் கிடந்தால் பொறுக்கிப் போட்டுக்கொள்ளலாம். உடைந்த சில்லை ஈர மண்ணிலிருந்து யார் பொறுக்குவது?