வராத பெற்றோர் எல்லாம் அக்கறையில்லாதவர்களா?

அந்த வாட்ஸ்அப் பட்டியலைப் பார்த்ததிலிருந்து மனசு ஆறவில்லை. எந்தப் பள்ளி, யார் போட்டது என்பதெல்லாம் உங்களில் பலருக்குத் தெரியும், அதை விடுங்கள். பள்ளியின் பெற்றோர் கூட்டத்துக்கு வராதவர்களின் பெயர்களை டீச்சர் ஒருவர் வாட்ஸ்அப் குழுவில் வரிசையாகப் போட்டு, மேலே "பிள்ளைகள் படிப்பில் அக்கறை இல்லாதவர்கள்" என்று தலைப்பு. அம்மாவின் போனில் பிள்ளைகளும் அதைப் பார்ப்பார்கள் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கக் கூடாதா?

கூட்டம் வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு. மாதமோ புரட்டாசி. மன்னார்குடி, நீடாமங்கலம் பக்கமெல்லாம் சம்பா நடவு. மழை பிடிப்பதற்குள் முடிக்க வேண்டும் என்று எல்லா வயலுக்கும் ஒரே நேரத்தில் ஆள் தேடுகிறார்கள். நடவுப் பெண்கள் செட்டாகப் போகிறவர்கள். பாதியில் கரையேறினால் அன்றைய கூலி போகும், மறுநாள் அந்த இடத்தில் வேறு ஆள் நிற்பார். டெல்டாவில் வேலை பார்க்கும் ஆசிரியருக்கு இது தெரியாததா?

"ஒரு நாள் கூலி பிள்ளையைவிடப் பெரிசா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். அந்தக் கூலியில்தான் அந்தப் பிள்ளைக்கு நோட்டு வாங்குகிறார்கள். மாதச் சம்பளக்காரர் அனுமதி போட்டுவிட்டு வரலாம், இவர்கள் யாரிடம் போடுவது? அப்பா வரலாமே என்கிறீர்கள். பாதி அப்பாக்கள் திருப்பூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள்.

2009 கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்கிறது, பாதிப் பேர் பெண்கள். அப்படியிருக்க, கூட்டம் எப்போது வைக்கலாம் என்று அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?

எங்கள் அம்மாவும் நடவுக்குப் போனவர்தான், கைநாட்டு. பள்ளிக்கூட வாசலை மிதித்ததே அபூர்வம். நான் நான்காம் வகுப்பு படித்தபோது கணக்கு சார் ஒருநாள் பொழுது சாய்ந்து சைக்கிளில் வந்து திண்ணையில் உட்கார்ந்தார். "தம்பி கூட்டல்ல தடுமாறுறான்மா, வீட்ல எதையாவது எண்ணச் சொல்லுங்க" என்றார். அவ்வளவுதான். அந்த சனிக்கிழமையே அம்மா என்னை வயலுக்குக் கூட்டிப்போய் நாற்று முடிச்சுகளைப் பத்துப் பத்தாக எண்ண வைத்தார், சத்தமாக. தப்பினால் முதலிலிருந்து. அந்த சார் அம்மாவின் பெயரை எந்தப் பட்டியலிலும் எழுதவில்லை.

ஆசிரியர்களுக்கும் குடும்பம் இருக்கிறது, வீடு வீடாகப் போக முடியுமா என்பீர்கள். நியாயம்தான். எமிஸ் என்கிற அரசு இணையதளத்தில் மாணவர் விவரங்களைப் பதிவேற்றுவதே அவர்களை உறிஞ்சிவிடுகிறது, பாதிப் பேர் கும்பகோணத்திலிருந்து பஸ் மாறி வருகிறார்கள். வீட்டுக்கு வரச் சொல்லவில்லை. நடவு முடியும்வரை கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வையுங்கள், இல்லையா, ஒரு போன் போடுங்கள் என்றுதான் கேட்கிறேன். பட்டியல் தட்டச்சு செய்த நேரத்தில் நாலு அம்மாக்களிடம் பேசியிருக்கலாம்.

அந்தப் பட்டியலில் இருக்கும் ஒருவர் எங்கள் தெரு. ராத்திரி சேற்றுப்புண்ணுக்கு மஞ்சள் வைத்துக்கொண்டே மகளின் நோட்டைப் புரட்டிச் சிவப்பு மை எங்கே இருக்கிறது என்று பார்ப்பவர். வாசிக்கத் தெரியாது, ஆனால் சுழித்திருந்தால் தப்பு என்று தெரியும். அவருக்கா அக்கறை இல்லை? நேற்று அந்தப் பெண் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று அழுதிருக்கிறாள்.

முதலில் அந்தப் பட்டியலை அழியுங்கள் டீச்சர். அப்புறம் அதே குழுவில், எல்லோரும் பார்க்கும்படி, அந்த அம்மாக்களிடம் வருத்தம் தெரிவியுங்கள்.